நான்காவது குணம்

நோயாளியின் அருகிருந்து பேணுகிறவரைத் தமிழர்கள் பல பெயர்களால் அழைக்கிறோம். செவிலி என்கிறோம். சங்க அகப்பாடல்களில் அவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். தாதி என்பது இலங்கையிலும் மலேசியாவிலும் வழங்கும் சொல். அதன் பழைய பொருள்களில் ஒன்று பணிப்பெண். மருத்துவமனை வராந்தாவில் நம் வாயில் தானாக வருவது 'சிஸ்டர்'. ஆக, தாய், பணிப்பெண், உடன்பிறந்தாள். மூன்று பெயர்களிலும் அன்பு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. படிப்பு மட்டும் எதிலும் இல்லை.

திருக்குறளில் நிலைமை வேறு. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், அதைத் தீர்க்கிறவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக வருகிறவர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் நின்று மருத்துவத்தை நடத்துகிறவர். ஒவ்வோர் உறுப்புக்கும் நந்நான்கு இயல்புகளைப் பரிமேலழகர் எடுத்துக்காட்டுகிறார். நான்காமவருக்கு அவர் வேண்டுவன: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வல்லமை, அறிவு. சரக சம்ஹிதையும் பேணுகிறவரின் நான்கு குணங்களில் அறிவையும் ஒன்றாகவே எண்ணுகிறது. முதல் மூன்றையும் நாம் நர்ஸ்களிடம் உரிமையோடு கேட்டு வாங்கிக்கொள்கிறோம். நான்காவதை அவர்களாகவே கேட்கும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது. என் அக்காவின் கதை அதுதான்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 1990இல் ஜி.என்.எம். பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். அப்பா இல்லாத வீட்டில் விரைவாகச் சம்பளம் தரும் படிப்பு அது. நான் தமிழில் முதுகலை முடித்தது அவளுடைய இரவுப்பணிகளால். 2011இல், முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தபோது, "பி.எஸ்ஸி. படிக்கப் போறேண்டா" என்றாள்.

நம் நாட்டில் செவிலியத்திற்குப் பட்டப்படிப்பு புதிதன்று. 1946இலேயே டெல்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அது தொடங்கிவிட்டது. ஆனால் நான்காண்டுகள் காத்திருக்க முடிந்த வீடுகளுக்கே அந்தக் கதவு திறந்தது. பட்டயம் பெற்றுப் பதிவுசெய்து வேலைக்கு வந்துவிட்டவர்களுக்கு இருக்கும் வழி, போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங். முழுநேரமாகப் படித்தால் இரண்டாண்டுகள். பணியில் இருப்பவர்களுக்கென்று இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994இல் மூன்றாண்டுத் தொலைநிலைப் படிப்பையும் தொடங்கியிருந்தது. அக்கா முழுநேரப் படிப்பையே தேர்ந்தாள். "நைட் டூட்டி முடிச்சு வந்து புஸ்தகத்தைத் திறந்தா எழுத்தா தெரியும், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்" என்பது அவள் சொன்ன காரணம்.

அவள் வேலைபார்த்த தனியார் மருத்துவமனையில் இரண்டாண்டு சம்பளமில்லா விடுப்பு கேட்டாள். ராஜினாமா எழுதித்தந்துவிட்டுப் போகலாம் என்றார் நிர்வாகி. "படிச்சிட்டு வந்தா மட்டும் என்னம்மா, போடப்போறது அதே ஊசிதானே?" என்றும் கேட்டார். பதினாறு ஆண்டுப் பணிமூப்பு ஒரு தாளில் முடிந்தது. மாமாவின் சிறிய கடை வருமானம் அரிசிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் சரியாக இருந்தது. கல்லூரிக் கட்டணத்தை நான் ஏற்றுக்கொண்டேன். வீட்டுக்கடன் தவணைக்கு அவளுடைய சங்கிலி போயிற்று.

வகுப்பில் அவள்தான் மூத்தவள். முதலாண்டில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உளவியல், ஊட்டச்சத்து ஆகியவற்றோடு மருத்துவ, அறுவை, மகப்பேறு, குழந்தை நலச் செவிலியம். இரண்டாமாண்டில் சமூகவியல், சமுதாய நலம், மனநலம், செவிலியக் கல்வி, நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும். வார்டில் கைபழகிய பாடங்களை அவள் எளிதாகக் கடந்தாள். புள்ளியியல்தான் அழவைத்தது. பதினொன்றாம் வகுப்பில் இருந்த அவள் மகன் இரவில் அம்மாவுக்குத் திட்டவிலக்கம் சொல்லிக்கொடுத்தான். இலக்கியம் படித்த நான் தேநீர் போட்டுக்கொடுத்தேன்.

ஆராய்ச்சிப் பாடத்திற்காகப் படுக்கைப்புண்ணை எடுத்துக்கொண்டாள். அசைய இயலாதவர்களை இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது பட்டயப் படிப்பிலேயே கற்ற பாடம். எத்தனையோ உடல்களைப் புரட்டியவள். இப்போது முதன்முறையாகக் குறிப்பேட்டில் கட்டம் போட்டாள். யாருக்கு வந்தது, சேர்ந்து எத்தனையாவது நாள், எந்த ஷிஃப்டில் புரட்டுவது தவறியது. ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள்: "இத்தனை வருஷமா பாத்திருக்கேன். எண்ணிப் பாத்ததே இல்லடா."

இதைக் கேட்டபோது எனக்கு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நினைவுக்கு வந்தார். நம் பாடநூல்கள் அவர் கையில் விளக்கைக் கொடுத்தன. மற்றொரு கையில் இருந்த கணக்கேட்டைக் காட்டவில்லை. கிரிமியப் போரில் படைவீரர்களைப் பெரும்பாலும் கொன்றது காயமல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய்கள்தாம் என்பதை அவர் வரைபடங்களால் நிறுவினார். லண்டன் புள்ளியியல் சங்கம் 1858இல் அவரை உறுப்பினராக்கியது. விளக்கோடு வார்டைச் சுற்றியது அன்பு என்றால், இறந்தவர்களைக் காரணவாரியாக எண்ணியது அறிவு.

"அதே ஊசிதானே" என்ற கேள்விக்கும் எண்களில் விடை உண்டு. லிண்டா ஐக்கனும் உடன்பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பட்டதாரி நர்ஸ்களின் பங்கு நூற்றுக்குப் பத்து கூடும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஐந்து விழுக்காடு குறைவதை அவர்கள் கண்டார்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் செய்து 2014இல் வெளியான ஆய்வில் அந்தக் குறைவு ஏழு விழுக்காடு. இவை தொடர்பைக் காட்டுகின்றன; பட்டம் ஒன்றே காரணம் என்று மெய்ப்பிக்கவில்லை. பட்டயம் பெற்ற நர்ஸின் கைத்திறனைக் குறைத்துப் பேசவும் இவற்றில் இடமில்லை. ஆனால் படிப்பு வீண் என்று சொல்ல இனி ஒருவருக்கும் வசதியில்லை. நியூயார்க் மாநிலம் 2017இல் இயற்றிய சட்டம், புதிதாக உரிமம் பெறும் நர்ஸ்கள் பத்தாண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெறவேண்டும் என்கிறது. வேலையில் இருந்துகொண்டே படிக்கப் பத்தாண்டு! அக்காவுக்கு ஒரு ராஜினாமாக் கடிதத்தின் விலையில் இரண்டாண்டு கிடைத்தது.

2013இல் பட்டம் பெற்று வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தாள். சம்பளம் பெரிதாக உயரவில்லை. இரவுப்பணி மீண்டும் வந்தது. மாறியது என்ன என்று ஒருமுறை கேட்டேன். முன்பெல்லாம் நள்ளிரவில் மருத்துவரை எழுப்பி, "பேஷண்ட் சரியில்ல சார்" என்று சொல்வாளாம். காலையில் பார்க்கலாம் என்று பதில் வருமாம். இப்போது மூச்சு நிமிடத்திற்கு எத்தனை, நாடித்துடிப்பு எத்தனை, எந்த மணியிலிருந்து எப்படி ஏறுகிறது, எதை அஞ்சுகிறேன் என்று சொல்கிறாள். மருத்துவர் வருகிறார். நோயாளி சரியில்லை என்பது அன்றும் அவள் கண்ணுக்குத் தெரிந்ததுதான். அதைச் சொல்லும் மொழியைப் படிப்பு தந்திருக்கிறது. மொழியைக் கற்பித்துப் பிழைக்கிறவன் என்பதால், அந்த இரண்டாண்டுகளின் விலை எனக்குப் புரிகிறது.

இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. படிக்கப் போகலாமா என்று இளைய நர்ஸ்கள் அவளிடம் கேட்க வருகிறார்கள். அறிவைப் பற்றியோ குறளைப் பற்றியோ அவள் அவர்களிடம் பேசுவதில்லை. கையில் எத்தனை மாதச் சம்பளம் இருக்கிறது, வீட்டில் யார் சமைப்பார்கள், விடுப்பை எழுத்தில் தருவார்களா என்று மூன்று கேள்விகள் கேட்கிறாள். எண்ணிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்புகிறாள்.