டஜனாத்தான் தருவோம் சார்!

என் பையனுக்கு எட்டு முடிந்து ஒன்பது. பிறந்த நாளுக்கு வருகிற வாண்டுகள் 23. அத்தனை பேருக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் தந்தாக வேண்டும். (நாம் படித்தபோது வகுப்பில் ஆளுக்கொரு மிட்டாய், டீச்சருக்கு மட்டும் இரண்டு. கதை முடிந்தது!) போன மாதம் எதிர் ஃபிளாட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பேரும் அச்சடித்த தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டார்கள். அன்று போன தூக்கம் எனக்கு. தலைக்கு 50 ரூபாய்தான் என் சக்தி.

சனிக்கிழமை பையனை இழுத்துக்கொண்டு பாரிமுனைக்குக் கிளம்பினேன். 2019-ல் மெட்ரோ வந்த பிறகு ஐகோர்ட் ஸ்டேஷனில் வியர்க்காமல் இறங்கலாம். படியேறி வெளியே வந்ததும் அந்த பாக்கியம் தீர்ந்துவிடும்.

இந்தப் பேட்டையில் தெருவுக்கு ஒரு சரக்கு. பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது. கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் பேப்பர், கல்யாணப் பத்திரிகை. தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, வளையல், நடுவே சென்ன கேசவப் பெருமாள். இவர் முதலில் இருந்தது இப்போது ஐகோர்ட் நிற்கிற இடத்தில். 18-ம் நூற்றாண்டில் கும்பெனிக்காரன் கோயிலை இடித்துவிட்டு, பதிலுக்கு இங்கே மனை கொடுத்தான். பட்டணத்தின் முதல் ரிட்டர்ன் கிஃப்ட் அதுதான் போல!

"ஓரம்... ஓரம்!" கைவண்டிக்கு வழிவிட்டு, மீன்பாடி வண்டிக்கு ஒதுங்கி, காசிச் செட்டித் தெருவுக்குள் நுழைந்தோம். பொம்மைக் கார் எடுத்தேன். சக்கரம் என் கையிலேயே கழன்றது. விசில்? மற்ற அப்பாக்கள் அடிக்க வருவார்கள். "எவர்சில்வர் டப்பா வாங்கிடுங்க, உபயோகமா இருக்கும்" என்று போனில் மனைவி. பையன் முகம் சுருங்கியது. "அப்பா, இது என்ன வளைகாப்பா?"

பசி வேளை வந்துவிட்டது. ஆண்டர்சன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடை. வாசலில் உட்கார்ந்து பையன் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் பூதக்கண்ணாடி. தரையில் எறும்பு.

"அப்பா, இதுக்கு மீசை இருக்குப்பா!"

விலை 35 ரூபாய். பாட்டிலுக்கு முன்னால் இது எடுபடுமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பத்து நிமிஷமாகப் பையன் எழுந்திருக்கவில்லை. பேரம் படிந்தது.

"23 கொடுங்க."

"டஜனாத்தான் தருவோம் சார். பிரிக்க மாட்டோம்."

ரெண்டு டஜன், 840 ரூபாய். "மிச்சம் ஒண்ணு உனக்குடா" என்றேன்.

"வேணாம்பா. ஒருத்தன் எந்த பர்த்டேக்கும் வர மாட்டான். கிஃப்ட் வாங்கணும்ல... அவங்க வீட்ல முடியாதாம்."

மெட்ரோவில் ஏறியும் அவன் விடவில்லை. "கிஃப்ட் யாரும் கொண்டு வரவேணாம்னு எல்லாருக்கும் மெஸேஜ் போடேன்பா." நான் தயங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வரப்போகிற ரிமோட் கார்களை நினைத்துத்தான். அவற்றை இழக்கப்போகிறவனே சொல்கிறான். வீடு வருவதற்குள் போட்டுவிட்டேன். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று மனைவி கேட்டதும், அதற்கு மேல் நடந்ததும் குடும்ப ரகசியம்.

ஞாயிறு சாயங்காலம் அட்டைப்பெட்டி காலி. 24-ம் போய்விட்டது. வாசலில் ஒரு வாண்டு லென்ஸை வைத்து எதிர் ஃபிளாட்காரரின் மீசையை ஆராய்ந்துகொண்டிருந்தான். அவரும் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்.

ராத்திரி பையன் கேட்டான்: "அப்பா, எனக்கு?"

திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு அதே சந்துக்கு ஓடினேன். கடைக்காரருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு போதுங்க" என்றேன்.

"டஜனாத்தான் சார்!"