எனக்கென்று ஒரு பீங்கான்

எங்கள் ஊரில் ஒரு பெண் மெலிந்தால் அது நல்ல செய்தி அல்ல. சந்தையிலும் கோயில் வீதியிலும் காண்பவர்கள் நின்று கேட்பார்கள்: "என்னகா, வத்திப்போனாய்? என்ன வருத்தம்?" உடம்பு வைத்திருந்தால் முகம் மலரும். "இப்பதான் பார்க்க நல்லா இருக்காய்" என்பார்கள். இதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. 1990 இல் அகதி முகாம்களில் இருந்தவர்களும், 2004 மார்கழியில் கடல் வந்தபோது எல்லாவற்றையும் இழந்தவர்களும், 2006 - 2007 இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் கையில் பையோடு ஓடி வந்தவர்களும் வாழும் மாவட்டம் இது. மெலிவு என்றால் பசி, நோய், துக்கம் என்றுதான் எங்கள் கண் பழகியிருக்கிறது.

அதனால்தான் நிறை குறைப்பதைப் பற்றி எழுதுவதற்கு நீண்ட நாள் தயங்கினேன். சோறில்லாமல் கிடந்த பெண்களிடம் போய் சோற்றை அளந்து சாப்பிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் வீடு வீடாகப் போகும் வேலை எனக்கு. நாற்பது வயதிலேயே சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கும் பெண்களை, காலில் ஆறாத புண்ணோடு பிள்ளைகளுக்காக வயலுக்குப் போகும் தாய்மாரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் சரியாகப் படவில்லை. கணவன் இல்லாத வீட்டில் அந்தத் தாயின் உடம்புதான் குடும்பத்தின் முதலும் வட்டியும்.

இலங்கையில் நீரிழிவு எத்தனை பேருக்கு என்று 2005 - 2006 காலத்தில் பெரிய ஆய்வொன்று நடந்தது. வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது 10.3 வீதமானோருக்கு, நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டார்கள். சமூகவியல் படித்த காலத்தில் இப்படியான அட்டவணைகளைப் பார்த்தால் முதலில் யார் இல்லை என்று பார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த அட்டவணையில் நாங்கள் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். முப்பத்தைந்து வயதானதும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போனேன். 1996 இல் தொடங்கிய திட்டம் இது. முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள், காசு இல்லை. போகாதவர்கள் போங்கள். என் உயரம் 154 சென்ரிமீற்றர், நிறை 68 கிலோ. வெறும் வயிற்றில் எடுத்த சீனி 112. வருத்தம் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று மிட்வைஃப் மிஸ் சொன்னா.

எங்கள் ஆசிய உடம்புக்குக் கணக்கு வேறு. உடற்திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டும்போதே எங்களுக்கு ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. 150 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு அது ஏறத்தாழ 52 கிலோ. இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றரைத் தாண்டாமல் இருப்பதும் நல்லது. தையல் நாடா ஒன்று போதும் இதற்கு.

அம்மாவிடம் சொன்னபோது சிரித்தா. "நீ வயித்துல இருக்கக்குள்ள நான் ஒரு நேரக் கஞ்சியோட கிடந்தன். இப்ப உனக்குச் சாப்பாடு கூடிப்போச்சாமா?" 1990 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த அகதி முகாமில் அம்மா என்னைச் சுமந்துகொண்டிருந்தா. அந்த முகாமில் செப்டம்பரில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், அதை இங்கே எழுதவில்லை. அம்மா சிரித்தாலும் அந்தப் பேச்சு எனக்குள் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944 - 1945 குளிர்காலத்தில், ஒல்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதை எட்டியபோது சோதித்துப் பார்த்தார்கள். பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் கருவானவர்களைவிட இவர்களின் உடம்பு சீனியைச் சமாளிக்கச் சிரமப்பட்டது என்று 1998 இல் வெளியிட்டார்கள். என் 112 க்கு அம்மாவின் கஞ்சிதான் காரணம் என்று ஒருவராலும் நிறுவ முடியாது. ஆனாலும் "வாயைக் கட்ட முடியாதவள்" என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

இன்னொரு ஆய்வும் உண்டு. அதே காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்து, ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைவில்லாமல் போனார்கள், பீங்கானை நக்கினார்கள். பட்டினி முடிந்து வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்த பிறகும் பல வாரங்களுக்கு, வயிறு நிறைந்த பின்னும் அவர்களுக்குப் பசி போகவில்லை. ஆறு மாதத்துக்கே அப்படி என்றால்! எங்கள் பெண்கள் அரிசியை ஒளித்து வைப்பதும், பானையில் சோறு மிஞ்சினால் மனம் பதறுவதும் பேராசை அல்ல, உடம்பின் ஞாபகம்.

அளந்து சாப்பிடச் சொன்னதும் எனக்கு வந்த முதல் சிக்கல், அளப்பதற்கு என்னிடம் ஒரு பீங்கான் இல்லை என்பதுதான். வீட்டில் பீங்கான்கள் இருக்கின்றன. நான் ஒன்றில் போட்டு இருந்து சாப்பிடுவதில்லை. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் போட்டுக் கொடுத்து, சின்னவன் வைத்த மிச்சத்தைத் தின்று, கறிச்சட்டியில் ஒட்டியதைச் சோற்றால் துடைத்து, நின்றபடியே முடித்துவிடுவேன். கேட்டால் "நான் ஒண்டும் பெரிசாச் சாப்பிடுறதில்ல" என்பேன். நான் சந்திக்கும் பெண்களில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள், பொய் சொல்லவில்லை. தனக்கென்று போட்டுச் சாப்பிடாதவளுக்கு எவ்வளவு சாப்பிட்டாள் என்று எப்படித் தெரியும்?

ஒரு கிழமைக்கு, வாயில் போகும் எல்லாவற்றையும் முதலில் ஒரு பீங்கானில் போடுவது என்று வைத்துக்கொண்டேன். பிள்ளையின் மிச்சமும் அதில்தான். தேநீர்க் கோப்பையால் அளந்து பார்த்தால் மத்தியானத்துக்கு மட்டும் நான்கு கோப்பைச் சோறு. ஒரு கோப்பைச் சோறு ஏறத்தாழ 200 கலோரி. பிறகு தேத்தண்ணி. வீடுகளுக்குப் போகும் வேலையில் தேத்தண்ணியை மறுக்க முடியாது, மறுத்தால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி, பன்னிரண்டு கரண்டி. ஒரு நாளைக்கு ஆறு கரண்டிக்கு உள்ளே நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்போது "சீனி போடாமல் தாங்க அக்கா, பிளேன் டீ" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் "சீனி இல்லாத வீடெண்டு நினைச்சியா?" என்று ஒரு மாமி கோபித்தா. மறுகா அவவும் தன் சீனி அளவைச் சொல்லி, கதை நீண்டுவிட்டது.

நூறு பக்கக் கொப்பி ஒன்றில் கோடு போட்டேன். சோறு ஒரு கோப்பைக்கு ஒரு கோடு, புட்டு, இடியப்பம், பாண், ரொட்டிக்கும் அதே இடத்தில் கோடு. எண்ணெயில் பொரித்ததற்கு ஒரு புள்ளி, சீனிக்கு ஒரு வட்டம். கீரைக்கும் மீனுக்கும் ஒன்றும் எழுதவில்லை, அவற்றைக் கூட்ட வேண்டும் என்பதால். இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. பிள்ளையின் கிளினிக் அட்டையில் மாதா மாதம் புள்ளி வைத்து, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள்தானே நாங்கள். அரிசியைச் சுண்டால் அளந்து, அதிலும் ஒரு பிடியைத் திருப்பிப் போட்டுச் சேமித்த தாய்மாரின் பிள்ளைகள். என் வீட்டுச் சுண்டை நிறுத்துப் பார்த்தேன், 210 கிராம் அரிசி. தலைக்கு இவ்வளவு என்று உலையில் போடும்போதே அளந்தால், பானையில் மிஞ்சுவதும் குறைகிறது, மிஞ்சியதை வீணாக்காமல் தின்னும் கடமையும் குறைகிறது.

நான்கு கோப்பை இரண்டாகியது. குறைந்த இடத்தை வெறுமையாக விட்டால் பின்னேரம் பணிஸ் வாங்கத் தோன்றும். ஆகவே முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், பயற்றங்காய், கௌபி என்று பீங்கானின் பாதியை நிரப்பினேன். வாவி மீன் விலை எங்களுக்கு எட்டாத நாட்களில் கூனி இருக்கிறது. தேங்காய்ப்பாலைக் குறைக்க அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தச் சண்டையை நான் ஒத்திவைத்திருக்கிறேன்.

பொறுமைதான் பெரிய பாடு. இரண்டு கோப்பைச் சோற்றைக் குறைத்தால் நாளைக்கு 400 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது, எனவே கணக்கில் மூன்று கிழமைக்கு ஒரு கிலோ குறைய வேண்டும். உடம்பு கணக்குக் கொப்பி அல்ல. நிறை குறையக் குறைய அதன் தேவையும் குறைகிறது, வேகமும் குறைகிறது. முதல் மாதம் 1.6 கிலோ போனது, அதில் ஒரு பகுதி வெறும் நீர். அடுத்த இரண்டு மாதம் தராசு அசையவே இல்லை. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் அரைக் கிலோ கூடும். உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது. மாதவிலக்கு நெருங்கும்போதும் கூடும். அதனால் தினம் நிறுப்பதை விட்டு, மாதத்தில் ஒரு நாள், அதே தராசில், அதே நேரத்தில் பார்க்கிறேன். தினம் பார்ப்பவர்கள் தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கைவிடுவார்கள்.

அந்த இரண்டு மாதமும் எனக்குத் தெம்பு தந்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. வைத்தியர் அ. இராமச்சந்திரனின் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 28.5 வீதம் குறைந்தது, அவர்களின் நிறை பெரிதாகக் குறையாமலே. தராசு பேசாத காலத்திலும் உள்ளே வேலை நடக்கிறது. அமெரிக்காவில் 2002 இல் வெளியான ஆய்விலும் கேட்டது பெரிய அளவு அல்ல: உடல் நிறையில் 7 வீதமும், கிழமைக்கு 150 நிமிட நடையும். ஆபத்து 58 வீதம் குறைந்தது. எனக்கு 7 வீதம் என்றால் ஐந்து கிலோவுக்கும் சற்றுக் குறைவு. பதினொரு மாதத்தில் 63.1 கிலோவுக்கு வந்தேன். சீனி 101.

நடை என்று எழுதுவது எளிது. கணவன் இல்லாத பெண் விடியற்காலையில் தனியாக ரோட்டில் நடந்தால் "எங்க போறா?" என்று நான்கு வாய் கேட்கும். விறகுக்கட்டோடு நடந்தால் கேட்க மாட்டார்கள், கையை வீசி நடந்தால் கேட்பார்கள். இதற்கு வைத்தியர்களிடம் மருந்தில்லை. எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து கோயில் வீதியைச் சுற்றுகிறார்கள். சாமியைச் சுற்றும் பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை.

சிலருக்கு இது பொருந்தாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், ஏற்கெனவே நிறை குறைந்தவர்கள் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. இன்சுலின் அல்லது சீனிக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குறைத்தால் சீனி இறங்கி மயங்கி விழலாம். மன அமைதிக்கென்று எடுக்கும் மருந்துகள் சில நிறையைக் கூட்டும். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்தாதீர்கள், கிளினிக்கில் சொல்லுங்கள். இன்னும் ஒன்று: 2022 நெருக்கடியில் காசில்லாமல் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டார்களே, அதை இதனோடு சேர்த்துப் பேசக் கூடாது. வீட்டில் அரிசி இல்லாமல் மெலிபவளுக்குக் கொப்பி தேவையில்லை, அரிசிதான் தேவை.

படுவான்கரையில் எங்கள் சேமிப்புக் குழுவில் ஓர் அம்மா இருக்கிறா. முதல் கூட்டத்தில் முகத்துக்கு நேரே கேட்டா: "மனே, பசியில கிடந்து வந்த எங்களையா குறைச்சித் தின்னச் சொல்றாய்?" நான் விவாதிக்கவில்லை. குறைக்க வேண்டாம், எவ்வளவு என்று மட்டும் பாருங்கள் அம்மா என்றேன். எழுதத் தெரியாது என்றா. இரண்டு மாதம் கழித்துப் போனபோது அடுப்படித் தட்டில் ஒரு பேணி இருந்தது. ஒரு கோப்பைச் சோற்றுக்கு ஒரு புளியங்கொட்டை போடுகிறா, படுக்கும் முன் கொட்டி எண்ணுகிறா. ஏழு போட்டவ இப்போது ஐந்தில் நிற்கிறா. போன மாதம் என் முன்னால் தரையில் பரப்பிக் காட்டினா. "ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தவள், அண்டைக்கு எட்டு. உனக்கு மறைக்க மாட்டன்" என்றா.