வைஃபை வராத அந்த மத்தியானம்

பணி ஓய்வுக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட பைத்தியங்களில் லினக்ஸும் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், பழைய மடிக்கணினியில் டெபியன் 11 நிறுவ உட்கார்ந்தேன். பாதியில் நின்றுவிட்டது. வைஃபைக்கான ஃபர்ம்வேர் கோப்பு இல்லையாம், பென் டிரைவில் இருந்தால் செருக வேண்டுமாம். அந்தக் கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும்! கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன்தான் இறக்கிக் கொடுத்தான்.

"இவ்வளவு இலவசமாகக் கொடுக்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?" என்று எனக்குக் கோபம். காரணத்தைத் தேடிப் படித்த பிறகுதான் என் கேள்வியே தப்பு என்று புரிந்தது.

1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர்கள் கேட்பது நான்கு உரிமைகள்: எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், சுதந்திரத்தையும் குறிக்கும். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. என் வைஃபை கோப்பு இலவசம்தான். ஆனால் அதன் மூல நிரலை யாருக்கும் காட்டமாட்டார்கள்.

இயான் முர்டாக் 1993-இல் தொடங்கிய டெபியன், இப்படிப்பட்டவற்றைத் தனிப் பகுதியில் ஒதுக்கி வைத்திருந்தது. அறக்கட்டளைக்கு அதுவும் போதவில்லை. ஒதுக்கினாலும் உங்கள் வீட்டுத் திண்ணையில்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்களின் பரிந்துரைப் பட்டியலில் டிரிஸ்குவெல் உண்டு, டெபியன் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2006-இல் டெபியன் அதே அறக்கட்டளையின் கையேடுகளைப் பார்த்து, 'இந்தப் பகுதியை மாற்றக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே, இது கட்டற்றது அல்ல' என்று வாக்கெடுத்துச் சொல்லிவிட்டது!

சில்லுக்குள்ளேயே மாற்றமுடியாதபடி பதிந்துவிட்ட நிரலை அறக்கட்டளை வன்பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. அதே நிரல் வட்டிலிருந்து ஏற்றப்பட்டால் மென்பொருள், ஆகவே கூடாது. எனக்கு இது இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை.

2022-இல் டெபியன்காரர்கள் மறுபடி வாக்கெடுத்தார்கள். 2023-இல் வந்த டெபியன் 12 நிறுவியிலேயே ஃபர்ம்வேரும் சேர்ந்து வந்தது. வேண்டாதவர்கள் தவிர்த்துவிடலாம். என் மடிக்கணினியில் வைஃபை ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தது. சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அது நின்றிருக்காவிட்டால், என் கணினிக்குள் பூட்டிய பெட்டி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த கணினி வாங்கும்போது, உள்ளே இருக்கும் வைஃபை சில்லு எது என்று கடைக்காரரிடம் கேட்கப்போகிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.