அலைக்குத் தப்பிய உறை!

ஜப்பானில் ஃபுகுஷிமா மாநிலத்துக் கடலோரத்தில் நாமியே என்று ஒரு சின்ன ஊர். நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்திச் சாப்பிட, காய்கறி வாங்க ஒரு வளாகம் கட்டியிருக்கிறார்கள். அதற்குள்ளேயே ஒரு சாக்கே ஆலை! நண்பர் என்னை அங்கேதான் இழுத்துக்கொண்டு போனார்.

அரிசியைத் தீட்டு தீட்டென்று தீட்டி, ஆவியில் வேகவைத்து, ஒரு வகைப் பூஞ்சணமும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவைத்தால் சாக்கே. உசத்தி ரகங்களில் பாதி அரிசி தவிடாகவே போய்விடும். எங்கள் பாட்டி பார்த்திருந்தால் அடிக்க வந்திருப்பாள்.

சுஸுகி குடும்பத்தாரின் இந்த ஆலை 19-ம் நூற்றாண்டில் ஆரம்பித்தது. அப்போது இருந்தது இங்கே இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, உகேதோ மீன்பிடி துறைமுகத்தில், அலைச் சத்தம் கேட்கிற இடத்தில். வலை நிறைய மீன் விழுந்தாலும் சரி, கல்யாணமானாலும் சரி, மீனவர்களுக்கு 'இவாகி கோதோபுகி' வேண்டும். கோதோபுகி என்றால் மங்கலம், நீண்ட ஆயுள்.

2011 மார்ச் 11. சுனாமி ஆலையை அடியோடு வாரிக்கொண்டு போனது. மறுநாள் அணு உலை விபத்து. சுமார் 21 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர், கட்டின துணியோடு காலியானது.

மிஞ்சியது என்ன தெரியுமா? உறை! அதாவது ஈஸ்ட். சோதனைக்காக முன்பே மலைக்கு அப்பால் ஐஸூவாகாமட்ஸு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்த மாதிரியில் அது உயிரோடு இருந்தது. நம் வீட்டில் தயிர் தீர்ந்துபோனால், எதிர் வீட்டுக்குக் கொடுத்த உறை மோரை நாமே போய்த் திருப்பிக் கேட்பதில்லையா, அந்தக் கதைதான்.

அதை வைத்து அந்த வருஷமே இன்னொருவர் ஆலையில் சாக்கே போட்டார்கள். பிறகு பக்கத்து யமகதா மாநிலத்தில், நாகாய் ஊரில் ஒரு பழைய ஆலையை எடுத்து நடத்தினார்கள். பெயர் அதே கோதோபுகி. ஆனால் தண்ணீர் வேறு, கடல் கிடையாது. நாமியே தண்ணீர், நாமியே அரிசி என்று திரும்பி வர 2021 ஆகிவிட்டது. பழைய உகேதோ கரையில் இனி வீடு கட்டக் கூடாது, அதனால்தான் நெடுஞ்சாலையோரம்.

ஆலை வந்துவிட்டது, ஜனங்கள்? திரும்பி வந்தவர்களையும் புதிதாகக் குடியேறியவர்களையும் சேர்த்தாலே ரெண்டாயிரத்துச் சொச்சம்தான்.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். (வீட்டில் 'மோந்து பார்த்தேன்' என்று சொல்லியிருக்கிறேன்.) மெல்லிய அரிசி வாசனை, இனிப்புக்குப் பின்னால் லேசான புளிப்பு.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ரெண்டு பாட்டில் வாங்கினார். நண்பர் மூலம், "இந்த ஊர்தானா ஐயா?" என்று கேட்டேன்.

"இருந்தேன். இப்ப செண்டாய்ல மகன் வீட்ல."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு, இங்கே கல்லறையில இருக்காளே, அவளுக்கு."