விரலும் எழுத்தும்

கைபேசியில் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுச் செய்தி அனுப்பும் நாம், அவ்வெழுத்துப் பலகை உருவான பாட்டை அறியோம். ஆப்பிள் நிறுவனத்தில் மென்பொருள் எழுதிய கென் கோசியெண்டா என்பவர், 2018-இல் வெளியிட்ட தம் நூலில் அதனை விவரிக்கின்றார். அண்மையில் அதைப் படிக்க நேர்ந்தது.

2005-ஆம் ஆண்டு. பொத்தான் வரிசையற்ற தொலைபேசி ஒன்று இரகசியமாய் உருவாகிக் கொண்டிருந்தது. விரலோ தடித்தது, திரையிலுள்ள எழுத்தோ சிறியது. தொட்டது ஒன்று, விழுந்தது வேறொன்று! ஏறத்தாழ 15 பேர் தத்தம் பணியை நிறுத்திவிட்டு எழுத்துப் பலகை ஒன்றையே சிந்திக்குமாறு பணிக்கப்பட்டனர். கோசியெண்டாவின் மாதிரி தெரிவாயிற்று. ஒரே கட்டத்தில் பல எழுத்துகள். நாம் கருதிய சொல்லை அகராதி ஊகித்துக்கொள்ளும். பின்னர் கட்டங்களைக் கைவிட்டு, தனித்தனி எழுத்துகளுக்கே அவர் திரும்பினார். ஊகிக்கும் அகராதி மட்டும் நிலைத்தது. 2007 ஜூன் 29 அன்று அத்தொலைபேசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

தட்டிய எழுத்தை விட்டுவிட்டு, 'இவர் சொல்ல விழைந்தது யாது?' என்று வினவும் பொறி! தட்டுத்தடுமாறிப் பேசுவோரின் சொற்களை ஆண்டுக்கணக்காய்க் கேட்டுவரும் என்னை இவ்விடம் வெகுநேரம் நிறுத்திவைத்தது. நாமே பலவேளை அவ்வாறு கேட்பதில்லையே!

ஆயினும், அகராதி தன்னுள் இருக்கும் சொற்களையே அறியும். அயல்நாட்டு மகனுக்கு ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டி அனுப்பும் தாய்மார் நம் பங்கிலும் உளர். 'சாப்பிட்டாயா' என்பதை அது ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லாகத் திருத்திவிடுகின்றது. அவர்கள் பொறுமையாய் அழித்து, மீண்டும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகின்றனர்.