உறைந்த ஏரியும் ஒரு துறப்பணமும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, ரொறன்ரோ மாநகருக்கு வடக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட மோட்டார்ப் பயணத் தொலைவில், சிம்கோ என்னும் பேரேரி கிடக்கின்றது. பரப்பு ஏறத்தாழ 720 சதுர கிலோமீற்றர். மிக ஆழமான இடம் 41 மீற்றர். கோடையிலே தோணிகள் உலாவும் இந்நீர்ப்பரப்பு, தை மாசி மாதங்களில் கற்றரை போல் இறுகிவிடுகின்றது. அத்தரைமீது சிறு மரக் குடில்களும் துணிக் கூடாரங்களும் முளைத்து, ஏரியே ஒரு கிராமமாகிவிடும். குடிலுக்குள்ளே சென்று பார்த்தால், பனிக்கட்டியில் வட்டமாக ஒரு துளை. துளையருகே சிறு முக்காலி. முக்காலிமேல் தூண்டிலுடன் ஒருவர் மௌனமாக அமர்ந்திருப்பார்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் நம்மவர் சிலருக்கும் இவ்வழக்கம் பிடித்துவிட்டது. என் மனைவியின் தம்பியும் அவர்களுள் ஒருவர். அவருடன் ஒரு மாசி மாதத்தில் நானும் அவ்வேரிக்குச் சென்றேன். நான் புலால் உண்பவனல்லன். ஆகையால் என் கவனம் மீனைவிட அவர்கள் கையிலிருந்த கருவியிலேயே சென்றது.

பனிக்கட்டியின் கீழ் மீன் உயிர்வாழ்வது எங்ஙனம் என்று மாணவர் வினவக்கூடும். நீர் 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேதான் மிகுந்த அடர்த்தியுடையது. அதனிலும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே தங்கி, மேற்பரப்பிலே உறைகின்றது. அடியில் உள்ள நீர் நீராகவே இருக்கும். உறைந்த மேற்படை ஒரு போர்வை போலக் குளிரைத் தடுப்பதால், பனிக்கட்டி தடிக்கத் தடிக்க அதன் வளர்ச்சியும் மந்தமாகின்றது. மீனினம் அப்போர்வையின் கீழே, வேகங் குறைந்தாலும், இரை தேடித் திரிகின்றது.

முற்காலத்திலே துளையிடுவதற்கு நம் அலவாங்கை ஒத்த கூரிய இரும்புக் கோலால் இடித்தனர். இன்றும் சிலர் அதனைக் கைவிடவில்லை. ஆயினும் பெரும்பாலோர் கையாள்வது, தச்சர் மரத்தைத் துளைக்கும் துறப்பணத்தின் பேருருவம். நடுத்தண்டைச் சுற்றித் திருகுபோல் தகடு ஓடும். அடியில் இரு அலகுகள் இருக்கும். மேலே ஒரு குமிழும் வளைபிடியும். இடக்கையாற் குமிழை அழுத்தி, வலக்கையால் பிடியைச் சுழற்ற, அலகு பனிக்கட்டியைச் சீவும். சீவல்களைத் திருகுத் தகடு மேலே ஏற்றி வெளியே தள்ளும். ஆர்க்கிமிடீசின் நீரேற்றுந் திருகை அறிந்த மாணவருக்கு இது புதிதன்று. சுவீடன் நாட்டிலே சில்யான் ஏரிக்கரையிலுள்ள மூரா என்னும் ஊர் கத்திகளுக்குப் பேர்போனது. இத்துறப்பணங்களுக்கும் அதே புகழ் உண்டு.

கடையிலே வாங்கப் போவோரை முதலில் மயக்குவது அளவு. ஆறு, எட்டு, பத்து அங்குல விட்டமுள்ளவை வரிசையாக நிற்கும். என் மைத்துனர் பத்தங்குலக் கருவி வைத்திருந்தார்.

"அத்தான், பெரிய துளை எண்டால் பெரிய மீன் வரும்" என்றார்.

"தம்பி, மீன் துளையைப் பார்த்தோ வருகுது? தூண்டிலைப் பார்த்தெல்லோ வருகுது" என்றேன்.

கணக்கு மிக எளிது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆறங்குலத் துளைக்கு 28 சதுர அங்குலம், எட்டங்குலத்துக்கு 50, பத்தங்குலத்துக்கு 79. விட்டம் இரண்டு மடங்கு ஆகாமலே வேலை மூன்று மடங்கை நெருங்கிவிடுகின்றது. அவ்வேரியில் மிகுதியாக அகப்படும் மஞ்சள் பேர்ச் மீன் ஒரு சாண் நீளத்தை அதிகம் தாண்டாதது. அதற்கு ஆறங்குலமே போதும். ஏரி ட்ரவுட், வெண்மீன் முதலியவற்றை நாடுவோர்க்கு எட்டங்குலம் ஏற்றது. பத்தங்குலத் துளையில், மீன் வருகிறதோ இல்லையோ, கால் தவறி உள்ளே செல்லக்கூடும்; சிறுவருடன் செல்வோர் இதனை மறத்தலாகாது.

அளவினும் முக்கியமானது அலகின் கூர்மை. கூர் மழுங்கிய விலையுயர்ந்த கருவியைவிடக் கூரிய மலிந்த கருவியே மேல். மணலோ கல்லோ ஒருமுறை பட்டால் அலகு கெட்டது. நனைந்த அலகில் பனி உறைந்துவிட்டால் அது வெட்டாமல் வழுக்கும். அப்போது அதனைத் தரையிலே தட்டி உடைப்பது பெரும் பிழை.

பெற்றோல் இயந்திரம் பூட்டியவையும் பற்றரியில் இயங்குபவையும் உண்டு. தடித்த பனிக்கட்டியில் நாளொன்றுக்கு இருபது முப்பது துளை போடுவோர்க்கு அவை வேண்டும். பெற்றோல் இயந்திரத்தை மூடிய குடிலுக்குள் இயக்கினால் நச்சுப் புகை உயிரையே மாய்க்கும். பற்றரியோ கடுங்குளிரிலே வலு குன்றும். மேற்சட்டைக்குள் வைத்துச் சூடுகாத்துக் கொண்டுபோக வேண்டும். ஓய்வு நாளில் நாலைந்து துளை போடும் குடும்பத்தினருக்குக் கைத்துறப்பணமே சாலும் என்பது என் எண்ணம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையாற் சுழற்றுபவன் கால்வைத்த தரையின் தன்மையை உடனுக்குடன் உணர்வான்.

ஏனெனில் முதற்றுளை மீனுக்காக இடப்படுவதன்று. தடிப்பை அறிய இடப்படுவது. கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் மைத்துனர் துளையிட்டார். அவருடைய மகன் நுனி வளைந்த அளவுகோலைத் துளைக்குள் விட்டுப் பனிக்கட்டியின் அடியிலே கொளுவி, "பதினொரு அங்குலம், மாமா" என்று கூவினான். தெளிந்த நீலப் பனிக்கட்டியாயின், நடப்போர்க்குக் குறைந்தது 15 சென்ரிமீற்றரும், இலகுவான மோட்டார் வண்டிக்கு 30 சென்ரிமீற்றரோ அதனிலும் மேலோ வேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை. வெண்மையாகத் தோன்றும் பனிக்கட்டிக்கு வலிமை பாதிதான். அதனால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். ஓரிடத்தில் ஓரடி இருக்க, ஆற்றுமுகத்தருகே மூன்றங்குலமும் இராது. ஆகவே செல்லும் வழியெல்லாம் துளைத்துத் துளைத்தே பார்க்கின்றனர். வழுக்கும் விளிம்பிலே குத்தி ஏறுவதற்கென இரு கூரிய ஆணிப்பிடிகளை ஒவ்வொருவரும் கழுத்திலே தொங்கவிட்டிருக்கக் கண்டேன். சிறுவன் கழுத்திலும் அவை தொங்கின.

2023–24ஆம் ஆண்டுக் குளிர்காலம் அப்பகுதியில் வழக்கத்துக்கு மாறாக வெம்மையாக இருந்தது. அத்தகைய ஆண்டுகளில் நாட்காட்டியை நம்பி ஏரியில் இறங்குதல் ஆகாது. தெற்கேயுள்ள குக்ஸ் குடா ஆழங் குறைந்தது, முன்னரே உறைந்துவிடும். பாரி நகரை அடுத்த கெம்பன்பெல்ற் குடா ஆழமிக்கது. அது பிந்தியே உறையும். அங்கே கூடாரம் அடிக்க விரும்புவோர், துறப்பணத்தைத் துடைத்து எண்ணெய் பூசி, உறையிட்டு வைத்துக்கொண்டு, வாரக்கணக்கிற் காத்திருக்கின்றனர்.