அபாயக் குரலும் அயற் படகும்

பனிமலைகளிற் சறுக்கிச் செல்வோர் நெஞ்சோடு அணிந்து செல்லும் சிறு கருவியொன்று உண்டு. 457 கிலோஹேட்ஸ் அலைவரிசையில் இடையறாது துடிக்கும் அக்கருவி, பனிச்சரிவிலே ஒருவர் புதையுண்டால் அவர் கிடக்கும் இடத்தை உடன்வந்தோருக்குக் காட்டிக்கொடுக்கும். தொலைவிலிருந்து மீட்புப் படை வந்து சேருமுன் மூச்சு அடங்கிவிடும்; ஆதலால் தோழரே மீட்போராதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. பனியையே காணாத நெடுந்தீவாருக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். கடலிற் செல்வோருக்கு எக்கருவி உகந்தது என்ற வினா எங்கள் வீட்டில் எழுந்தபோது இவ்வொப்பீடே எனக்குத் துணைநின்றது.

என் சிறியதந்தையார் கண்ணாடியிழைப் படகில் தனியொருவராய்த் தொழிலுக்குச் செல்பவர். சோளகக் காற்று வலுக்கும் நாள்களில் இயந்திரம் நின்றுபோனால் அவர் நிலை என்னாகும்? கரையை விட்டகல, கைத்தொலைபேசியும் ஊமையாகிவிடும். கனடாவில் வாழும் உறவினர் அபாய அறிவிப்பான் ஒன்றை வாங்கியனுப்ப முன்வந்தனர். எதனை வாங்குவது?

இவ்வறிவிப்பான்கள் 406 மெகாஹேட்ஸிற் குரலெழுப்புவன. அதனைச் செவிமடுக்கும் கொஸ்பாஸ்-சார்சற் அமைப்பின் முதற் செய்மதி 1982இல் ஏவப்பட்டது. படகுக்குரிய கருவி நீரில் மிதந்தபடி குறைந்தது 48 மணி நேரம் இயங்கும். ஆளுக்குரியதற்குக் குறைந்த அளவு 24 மணி நேரமே. அதனைக் கையால் இயக்கி, அன்ரெனா வானை நோக்கி நிற்கப் பிடித்தல் வேண்டும். எனினும், தனித்துச் செல்பவர் தவறி வீழ்ந்தால் படகு ஒருபுறமும் அவர் ஒருபுறமும் ஆவர். ஆகவே உயிர்காப்பு அங்கியோடு பிணைக்கப்பட்ட ஆட்கருவியே தக்கதெனத் துணிந்தேன்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஒவ்வொரு கருவியிலும் ஒரு நாட்டின் குறியெண் பதிக்கப்பட்டிருக்கும். இலங்கைக்கு 417, கனடாவுக்கு 316. கனடாக் குறியெண்ணோடு வரும் கருவி எங்கள் கடலிற் குரலெழுப்பினால், உரியவர் யாரென்று அந்நாட்டுப் பதிவேட்டிலேயே தேடுவர். குறியெண்ணும் பதிவும் மின்கலத்தின் காலாவதித் திகதியும் விலையினும் முதன்மையானவை.

இவற்றையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் சிறியதந்தையார் சொன்னார்: "தம்பி, வானத்துக்குத் தெரியிறது நல்லதுதான். பக்கத்து வள்ளக்காரனுக்கும் தெரியவேணுமே."

அதுவே பனிமலையாரின் பாடமும் ஆகும். செய்மதி கேட்ட குரல் மீட்பு நிலையத்தை அடைந்து, அங்கிருந்து கலமொன்று புறப்பட்டு வருவதற்குள் நேரம் கழிந்துவிடும். அயற் படகோ கூப்பிடு தூரத்தில் நிற்கக்கூடும். இன்று அவர் புறப்படும் வேளையையும் திரும்பும் வேளையையும் இரு படகுக்காரருக்குச் சொல்லிச் செல்கிறார்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் நாட்டு மீனவருக்கென உருவாக்கிய கருவியின் இரண்டாம் தலைமுறை 2024இல் வெளிவந்தது. அபாயச் செய்தி கிடைத்தது என்ற மறுமொழியையும் அது படகுக்குத் தெரிவிக்கும். கடல் ஒன்றே; அதன் இக்கரையிலுள்ள சிறுபடகுக்காரரின் உயிர்க்காப்பு, வெளிநாட்டு உறவினரின் அன்பை மட்டும் நம்பியிருத்தல் தகுமா என்பது நாம் யாவரும் எண்ணுதற்குரியது.